தீவிர சிகிச்சையும் திருச்சுழிச் சீமையும்

குண்டாற்றில் என்றைக்கு வெள்ளம் வரும், கண்மாய் என்றைக்கு நிறையும் என்று வானத்தையே நம்பி உழுகிற திருச்சுழி வட்டத்து மானாவாரிச் சீமையில், அ.முக்குளம் பக்கத்தில், தென்மாவட்ட மருத்துவமனைகளின் கழிவை எரித்தும் சுத்திகரித்தும் தீர்க்கும் பொது நிலையம் ஒன்று இயங்கி வருவதை, அந்த மருத்துவமனைகளில் உற்றாரைச் சேர்த்துவிட்டு வாசலில் காத்திருப்போரில் பலர் அறியார்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் ஒவ்வொரு கட்டிலும், இரவு பகலாய் மின்சாரத்தை வாங்கிக்கொண்டிருப்பதோடு, ஊசிக்குழல், டியூப், கையுறை, மேலங்கி என்று ஒருமுறை தொட்டதும் எறியத்தக்க பொருள்களைச் சாதாரண வார்டில் காணாத அளவில் குப்பையாக்குகிறது. ஜீவனைக் காக்கும் காரியத்தில் சிக்கனம் பார்க்கலாகாது. நான் ஆட்சேபிப்பது, நோயாளிக்கு அணுவளவும் பிரயோஜனமில்லாத விரயத்தையே.

2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் டியூபையும் கையுறையையும் சிவப்புப் பையில் இடச் சொல்கின்றன. அவை கிருமி நீக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போக வேண்டியவை. அவசரத்தில், எரிக்க வேண்டியவற்றுக்கான மஞ்சள் பையில் விழுந்துவிட்டாலோ உலைக்குப் போகின்றன. டியூப்களில் பல குளோரின் அடங்கிய பி.வி.சி.யால் ஆனவை ஆகையால், விதி கேட்கும் ஏறத்தாழ 1,050 டிகிரி வெப்பம் உலையில் குறையுமானால், டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு பிறந்து, காற்றோடு சென்று புல்லில் படிந்து, மேயும் ஆட்டின் கொழுப்பிலும் மாட்டின் பாலிலும் சேரக்கூடும். ஆடுதான் இந்தச் சீமையின் சேமிப்பு. மழை பொய்த்த வருஷத்தில் அதை விற்றுத்தான் குடும்பங்கள் கரையேறுகின்றன.

பரிகாரம் கட்டிலின் அருகிலேயே இருக்கிறது. லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில், ரத்தமும் உடல் திரவமும் படாத வேலைக்குக் கையுறை வேண்டாம், கையைச் செவ்வையாகக் கழுவினால் போதும் என்று 2018-இல் செவிலியருக்குப் போதிக்கத் தொடங்கியதன் பயனாக, ஓராண்டில் 21 டன் பிளாஸ்டிக் மிச்சமாயிற்று. விழுங்க முடிந்த நோயாளிக்கு, மருத்துவர் தக்கதென்று கருதும்போது, நரம்பூசிக்குப் பதிலாக மாத்திரை கொடுத்தால் பாட்டிலும் டியூபும் ஊசியும் ஒருங்கே குறைவதோடு, நரம்பில் கிடக்கும் ஊசியால் தொற்று வரும் அபாயமும் நீங்கும். அவசியமறியாமல் அன்றாடம் எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளையும் அப்படியே குறைக்கலாம். நம் மதுரையில் தோன்றிய அரவிந்த் கண் மருத்துவமனைகளில் ஒரு கண்புரை அறுவைக்கு ஆகும் கரியமில வெளியீடு, பிரிட்டனில் ஆவதில் சுமார் இருபதில் ஒரு பங்கே என்று ஆய்வாளர் கணித்திருக்கும்போது, இவையெல்லாம் நமக்கு அசாத்தியம் என்று சொல்ல நியாயமில்லை.

கழிவின் அளவை நிறவாரியாக மாதந்தோறும் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று விதி ஏற்கெனவே சொல்கிறது. தென்மாவட்ட மருத்துவமனைத் தலைவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவின் கணக்கை அதில் தனியே பிரித்துக் காட்டி, அதன் ஒரு பிரதியை அ.முக்குளம் ஊராட்சிக்கும் அனுப்பிவைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.