11 கே.வி. கேபிளை எவ்வளவு வளைக்கலாம்?

துணை மின்நிலையத்தில் வரிசையாக நிற்கும் 11 கே.வி. பேனல் ஒன்றின் பின்கதவைத் திறந்தால் இடநெருக்கடி புரியும். தரைக் கால்வாயிலிருந்து ஏறிவரும் கேபிள் அந்தச் சிறிய இடத்துக்குள் திரும்பி எபாக்சி புஷ்ஷிங்கைப் போய்ச் சேர வேண்டும். வழக்கமான விறைத்த கேபிளையும் வலிந்து வளைத்து போல்ட் போட்டுவிடலாம். ஆனால் அது நிமிரவே முயன்றுகொண்டிருக்கும். அந்த இழுவை முழுவதும் புஷ்ஷிங்கின் மேல் விழும். சுமை ஏறி இறங்கும்போது செம்பு நீண்டு சுருங்குகிறது. மின்மாற்றியோ நொடிக்கு 100 முறை அதிர்கிறது. எபாக்சியில் விரிசல் விழ வேறென்ன வேண்டும்?

அதற்காக வந்ததுதான் ஃப்ளெக்சிபிள் கேபிள். பெயரைக் கேட்டதும் அது தரம் குறைந்தது என்று சிலர் எண்ணுகிறார்கள். இஷ்டம்போல் மடக்கலாம் என்று சிலர். இரண்டுமே தவறு.

சாதாரண கேபிளில் 240 சதுர மி.மீ. செம்பை முப்பது, நாற்பது கம்பிகளாக முறுக்கியிருப்பார்கள். ஃப்ளெக்சிபிள் கேபிளில் அரை மி.மீ. இழைகள் ஆயிரத்துக்கும் மேல். கம்பியின் விட்டத்தைப் பாதியாக்கினால் அதன் விறைப்பு பதினாறில் ஒரு பங்காகும். பழைய பருமனை எட்ட நான்கு கம்பிகள் போதும். ஆக, மொத்த விறைப்பு கால்பங்குதான். இழைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்க இடமிருக்கும் வரை இந்தக் கணக்கு நிற்கும். காப்புக்கும் எக்ஸ்.எல்.பி.இ.யை விட இளக்கமான ஈ.பி.ஆர். ரப்பரையே பெரும்பாலும் போடுகிறார்கள்.

செம்பு வளைகிறது என்பதால் மற்ற அடுக்குகளும் அதே அளவு இணங்கும் என்று எண்ணிவிடக் கூடாது. காப்பின் உள்ளும் புறமும் ஒட்டியிருக்கும் அரைக்கடத்தி அடுக்குகளும், எர்த்தில் இணைத்த செம்புத் திரையும்தான் மின்புலத்தைச் சீராக வைத்திருக்கின்றன. அளவு மீறி மடக்கினால் அடுக்கு பிரிந்து நடுவே காற்று புகலாம். ரப்பரை விடக் காற்றில் புலம் கூடுதல். தாங்கும் திறனோ குறைவு. அங்கே நுண்ணிய பொறிகள் கிளம்பி, சத்தமில்லாமல் மாதக்கணக்கில் காப்பை அரிக்கும். ஆகவே தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச வளைவு ஆரத்தை மீறவே கூடாது.

திரை இல்லாத ரகமும் உண்டு. மேலே ரப்பர்தானே என்று அதில் கை வைப்பது உயிருக்கு ஆபத்து. மின்சாரம் இருக்கும்போது அந்த உறையையும் வெறுங்கம்பியாகவே கருதி, பேனல் தகட்டிலிருந்தும் பக்கத்து ஃபேஸிலிருந்தும் உரிய இடைவெளி விட வேண்டும்.

கடைசியாக லக். இழைகளுக்கிடையே இடைவெளி அதிகம் என்பதால், அதே 240 ஆனாலும் இந்தக் கேபிளின் செம்பு பருத்திருக்கும். சாதாரண லக்கில் நுழைவது கஷ்டம். அவசரத்தில் நாலைந்து இழைகளை நறுக்கிவிட்டு உள்ளே திணிப்பது மிக மோசமான பழக்கம். நறுக்கிய இழைகளின் சுமையும் மிச்சமுள்ளவற்றின் மேல் ஏறும். லக் சூடாகி, டெர்மினேஷனும் கெடும். நுண்ணிழைக் கேபிளுக்கென்றே வாய் அகன்ற லக் கிடைக்கிறது. கேபிளுக்கு ஆர்டர் எழுதும்போதே அந்த லக்கையும் அதற்குப் பொருந்தும் கிரிம்பிங் டையையும் சேர்த்து எழுதிவிட வேண்டும்.