பாடலுக்குப் பழைய உடை



திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளுக்குள் நுழைந்தால் ஓவர்லாக் இயந்திரங்களின் இரைச்சலோடு சினிமாப் பாட்டும் சேர்ந்து காதில் விழும். மாலையில் வேலை முடிந்து திரும்புவோருடன் அந்தப் பாட்டும் வீட்டுக்கு வந்து, பிள்ளைகளின் நாவில் குடியேறிவிடுகிறது. "எந்நேரமும் பாட்டுத்தானா?" என்று நாம் கடிந்துகொள்கிறோம். கடிந்ததால் எந்தப் பாட்டாவது நின்றதுண்டா?

எரிக் டிட்ரிக்சன் என்னும் அமெரிக்கர் வேறொரு வழியில் சென்றார். இக்காலத்து ஆங்கிலப் பாப் பாடல்களை எடுத்து, 400 ஆண்டுகளுக்கு முந்தைய ஷேக்ஸ்பியரின் நடையில், 14 அடிகள் கொண்ட 'சானெட்' கவிதைகளாக மாற்றினார். 2015இல் அவை நூலாக வெளிவந்தன. படித்தால் முதலில் சிரிப்புத்தான் வரும். பிறகு ஓர் உண்மை புலப்படும். மெட்டும் தாளமும் நீங்கியபின் பாட்டில் எஞ்சுவது கருத்து மட்டுமே. கருத்துள்ள பாட்டு பழைய உடையிலும் நிமிர்ந்து நிற்கும். இல்லாதது அங்கேயே துவண்டு விழும்.

இதைத் தமிழில் நாமும் செய்து பார்க்கலாமே! 'தாயே, நீ விழித்திருந்து என்னைத் தூங்க வைத்தாய். உன்னைப்போல் உலகில் யார்?' என்னும் கருத்தில் எத்தனையோ பாட்டுகள் உண்டு. அக்கருத்தைக் குறள் வெண்பாவாக்கினேன்:

கண்விழித்துக் காத்தென்னைக் கண்ணுறங்கச் செய்தாட்கு
மண்மீதில் யாரோ நிகர்.

முதலடியில் 4 சீர். இரண்டாமடியில் 3 சீர். திருக்குறளின் அளவு இதுதான். இதற்குள் அடங்க, வீண்சொற்கள் வெளியேறியே தீர வேண்டும். தைத்து முடித்த பனியனில் பிசிறு வெட்டுவது போன்ற வேலை இது. பிசிறு போனபின்தான் தையலின் தரம் தெரியும்.

இதனால் பயன் என்ன என்று கேட்பீர்கள். 17ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வை, அன்றைய தமிழ்க் காப்பியங்களின் விருத்த நடையில், 5027 பாடல்களில் சீறாப்புராணமாக வடித்தார். அரபு மண்ணின் வரலாறு தமிழ் உடை உடுத்தி நம் இல்லங்களுக்கு வந்தது. இன்று அந்நூல் பல வீடுகளில் அலமாரியில் உறங்குகிறது. ஒரு சினிமாப் பாட்டை முழுவதும் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைக்குச் சீறாவின் ஒரு விருத்தத்தைப் பிரித்துப் படிக்கத் தெரியவில்லை. குற்றம் பிள்ளையுடையதா? சீர் பிரிக்க நாம் என்றைக்குக் கற்றுக்கொடுத்தோம்?

தானே ஒரு வெண்பா கட்டி, தளை தட்டித் திருத்திய பிள்ளைக்குப் பழைய செய்யுள் பிறகு அச்சமூட்டாது. தெரிந்த பாட்டே தெரியாத நூலுக்குப் படிக்கட்டாகும்.

ஆகவே, வரும் ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி விடுமுறை நாளில், பிள்ளைகளை அருகில் அமர்த்துங்கள். நல்ல கருத்துள்ள ஒரு பாட்டை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். எல்லாருமாக அதை இரண்டடியில் சுருக்கிப் பாருங்கள். தவறு வந்தால் சிரித்துத் திருத்துங்கள். பிறகு அலமாரியைத் திறந்து, சீறாவிலிருந்து ஒரே ஒரு பாடலை உரக்கப் படியுங்கள்.

அன்று அந்த வீட்டில் பாட்டு நிற்காது, வளரும்.