உப்பளக் கரையில் உருளும் பந்து

சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணக் கரையே என்பர் ஆய்வாளர் பலர். ஓய்மானாட்டு நல்லியக்கோடன் ஆண்ட அந்நெய்தல் நிலத்தில் இன்றும் உப்பு விளைகின்றது. தூத்துக்குடி, திருமறைக்காடு ஆகியவற்றோடு வைத்தெண்ணப்பெறும் அளங்கள் ஏறத்தாழ 3,500 ஏக்கர் பரப்பில் வெண்மை பூத்துக் கிடக்கின்றன. விடியுமுன் பாத்தியில் இறங்கி உப்பு வாரும் உழைப்பாளியும், இருளிலேயே படகேறிக் கடல்புகும் மீனவனும் பிழைக்கும் கரை அது. உப்பு அரித்த கால்களும் மணலில் தேய்ந்த கால்களும் மாலையில் ஒரு பந்தைச் சுற்றி ஓடுமாயின், அதனினும் இனிய காட்சி யாதுளது?

கால் தமிழனுடையது, மணல் தமிழனுடையது, சிந்தும் வியர்வையும் தமிழனுடையது. பெயர் மட்டும் எவனுடையது? தமிழகத்துக் கடற்கரையெங்கும் இளைஞர் அமைக்கும் கால்பந்து அணிகளின் பெயர்ப்பலகைகளைப் பார்த்தால் நெஞ்சு கொதிக்கின்றது. ‘பாய்சு’ என்றும் ‘பிரண்ட்சு’ என்றும் ‘எஃப்.சி.’ என்றும் முதுகில் அச்சிட்டுக்கொண்டு திரிகின்றான் தமிழ் இளைஞன். ஒலிபெருக்கியைக் கையிற் பற்றியவனோ ‘பவுல்’, ‘கார்னர்’, ‘ஆப்சைடு’ என்று முழங்குகின்றான். திடலைச் சூழ்ந்து நிற்கும் தாய்மார்க்கு அவற்றுள் ஒன்றும் விளங்குவதில்லை. தம் மக்கள் ஆடும் ஆட்டத்தைத் தாமே விளங்கிக்கொள்ளாதவாறு பெற்றோரை அயலாராக்கி நிறுத்தும் கொடுமையன்றோ இது!

“கால்பந்து வெள்ளையன் ஆட்டம், அவன் சொல்லே அதற்கு ஏற்கும்” என்பார் உளர். 1863-ஆம் ஆண்டில் இலண்டனில் இவ்வாட்டத்தின் நெறிமுறைகள் வரையறுக்கப்பட்டன என்பது உண்மையே. ஆயினும் செருமானியன் என்ன செய்தான்? 1874-இல் பிரவுன்சுவைக்கு நகரில் தம் மாணவர்க்கு இவ்வாட்டத்தை அறிமுகப்படுத்திய பள்ளியாசிரியர் கொன்றாடு கோக்கு, அடுத்த ஆண்டே நெறிமுறைகளைச் செருமன் மொழியில் வெளியிட்டார். பின்னர் 1903-இல் ஆங்கிலச் சொற்களுக்கு ஈடான செருமன் சொற்களைத் தொகுத்து, அந்நாட்டு மொழிக் கழகத்தின் இதழிலேயே வெளியிட்டார். இன்றும் செருமானியச் சிறுவன் ‘ஆப்சைடு’ என்று கூவுவதில்லை; தன் மொழிச் சொல்லையே சொல்கின்றான். அதனால் அவன் ஆட்டம் தாழ்ந்ததா? 1954, 1974, 1990, 2014 என நான்கு முறை உலகக் கோப்பையை வென்றான். மூலையுதை, தனியுதை, ஒறுப்புதை, அயல்நிலை, கைவீச்சு, இலக்குக் காவலர் என நாம் சொன்னால் மட்டும் பந்து உருளாதா?

பெயரிலுள்ள அடிமைத்தனம் போட்டி நடத்தும் முறையிலும் புகுந்துள்ளது. பொங்கலை ஒட்டிப் பெரும்பணம் பரிசென்று விளம்பி, தோற்றவனை உடனே துரத்தும் வெளியேற்றுப் போட்டிகளையே ஊர்தோறும் நடத்துகின்றனர். எட்டு அணிகள் சேர்ந்தால் மொத்தம் ஏழே ஆட்டங்கள். நான்கு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்பும். பரிசின்மேல் கண்வைத்தவர் வெளியூர் ஆட்டக்காரரைக் கூலிக்கு அழைத்து வருவர். சொந்த ஊர்ப் பிள்ளை கரையோரம் நின்று கைதட்டுவான். பரிசுப் பணம் தருபவன் கட்சிக்காரனாகவோ சாதித் தலைவனாகவோ இருப்பான். கோப்பையைவிடப் பெரிதாக அவன் படம் நிற்கும்!

இதற்கு மாற்று, சுழல்தொடர் முறையே. ஒவ்வோர் அணியும் மற்றை ஏழு அணிகளோடும் ஒருமுறை ஆடின் 28 ஆட்டங்கள் ஆகும். எந்த அணியும் ஏழு கிழமைகளுக்குத் திடலை விட்டு நீங்காது. விசைப்படகுகள் கடல்புகாத மீன்பிடித் தடைக்காலம் ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள்கள். அவற்றுள் எட்டு ஞாயிற்றுக்கிழமைகளேனும் வரும். ஏழில் சுழலாட்டங்களையும் எட்டாவதில் இறுதியாட்டத்தையும் நடத்தலாம். இரண்டு திடல்களில் காலை ஓர் ஆட்டமும் மாலை ஓர் ஆட்டமும் வைத்தால் ஒரு நாளில் நான்கும் முடியும். கோடை, உப்பு விளையும் உச்சக் காலம். ஆகலின் அளத்தில் வேலையுள்ள அணிக்கு மாலையாட்டமே ஒதுக்க வேண்டும். இந்நுட்பம் தில்லியில் அமர்ந்திருக்கும் கூட்டமைப்புக்குத் தெரியுமா? பாத்தியில் நின்றவனுக்கும் வலை இழுத்தவனுக்குமே தெரியும். எனவே நடத்துவோரும் அவர்களாகவே இருத்தல் வேண்டும்.

செலவை அணிகள் நிகராகப் பகிர்க; கணக்கை ஊர்முன் தமிழில் படிக்க; நடுவர் மூன்றாம் ஊரினராக இருக்க; ஆடுவோன் அவ்வூரில் வாழ்பவனாக இருக்க. இவற்றினும் தலையாய நெறி ஒன்றுண்டு: தெருவுக்கோர் அணி என்னும் பெயரில் சாதிக்கோர் அணி அமைத்தல் கூடாது. ஊருக்கு ஓரணி, அதில் ஊரும் சேரியும் ஒருங்கே நிற்றல் வேண்டும். 2013 ஏப்பிரலில் இம்மரக்காணத்தருகே சாதிப்பூசல் மூண்டு வீடுகள் எரிந்ததை மறக்கவியலுமா? ஒருவன் தள்ளிய பந்தை மற்றவன் இலக்கில் சேர்க்கும் இடத்தில், எவன் எச்சாதி என்று எவன் கேட்பான்?

2023 மே திங்களில் எக்கியர்குப்பத்தில் நச்சுச் சாராயம் குடித்துப் பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். உழைத்துக் களைத்த உடலுக்கு மாலைப்பொழுதில் சாராயமன்றி வேறொன்றும் காட்டாத குமுகம் அச்சாவுகளுக்குப் பொறுப்பேற்க வேண்டாவா? பந்து ஒன்றே குடியை ஒழித்துவிடும் என்று எவரும் சொல்லார். ஆயினும் ஞாயிறன்று ஆட்டமுண்டு என்றறிந்தவன் காரிக்கிழமை இரவில் கோப்பையைக் கீழே வைப்பான்.

திறமைக்கு இந்நிலத்தில் பஞ்சமில்லை. 1960 உரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்திய அணி பெற்ற ஒரே இலக்கு, தமிழர் சைமன் சுந்தரராசு அடித்தது. இதே கடற்கரையின் தென்புறத்துக் கடலூர், இந்திய மகளிர் அணிக்கு இந்துமதி கதிரேசனைத் தந்தது. தமிழக மகளிர் 2018-இலும் 2023-இலும் இந்திய அளவில் வாகை சூடினர். ஆடவரோ 1941-இல் தொடங்கிய சந்தோசுக் கோப்பையை ஒருமுறையும் வென்றாரல்லர். 2011 கணக்கெடுப்பின்படி பதினொரு நூறாயிரம் மக்களே வாழ்ந்த மிசோரம், 2012-இல் தன் மண்ணின் தொலைக்காட்சி நிறுவனத்தைப் புரவலாகக் கொண்டு சொந்தத் தொடரைத் தொடங்கியது. 2014-இலேயே அக்கோப்பையைக் கைக்கொண்டது. 2017-இல் அதன் ஐசால் அணி இந்தியக் கழகங்களின் தொடரையும் வென்றது. அதே 2014-இல் இங்கு நிகழ்ந்தது யாது? பணமுதலைகள் நகரங்களின் பெயரில் அணிகளை விலைபேசி எடுத்தனர். தமிழர் சீட்டு வாங்கிப் பார்வையாளராயினர்!

நாடிழந்து பல நாடுகளில் சிதறிய ஈழத்தமிழர் 2014-இல் சுவீடனிலும் 2018-இல் இலண்டனிலும் நடந்த, ஏற்பிசைவு பெறா நாடுகளின் உலகப் போட்டிகளில் தமிழீழம் என்னும் பெயரோடே களமிறங்கினர். நாடில்லாதவன் பெயரைக் காத்தான். நாடுள்ளவன் பெயரை விற்கின்றான்!

மரக்காண இளைஞர் இதனை எண்ணுவாராக. வரும் தடைக்காலத்துக்கு முன்னரே எட்டு ஊரார் ஒரு பந்தலில் கூடுக. அணிக்குத் தமிழ்ப்பெயர் சூட்டுக. அளத்தின் பெயரிடினும் நன்று. நல்லியக்கோடன் பெயரிடினும் நன்று. பலகையில் தமிழில் எழுதுக. ஒலிபெருக்கியில் தமிழில் முழங்குக. உப்பின்றி உணவில்லை, தன்மொழியின்றித் தன்மானமில்லை. உருள்க தமிழ்ப் பந்து!