டோமோசிந்தசிஸ் யாருக்கு?

மார்பகப் புற்றுநோயைப் பிடிக்க வந்திருக்கும் நவீன எக்ஸ்ரே, டோமோசிந்தசிஸ். எக்ஸ்ரே குழாய் வில்போல் நகர்ந்து பல கோணங்களில் படமெடுக்கும். கணினி அவற்றை மெல்லிய அடுக்குகளாகக் காட்டும். சாதாரண மேமோகிராமில் திசுக்களுக்குப் பின்னால் ஒளியும் கட்டியும் இதில் பலநேரம் சிக்கிவிடும். அமெரிக்காவில் 2011-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. நல்ல கருவிதான், யார் இல்லையென்றது?

ஆனால் இதுவே தீர்வு என்பவர்கள் ஒருமுறை வருசநாட்டுக்குப் போய் வரட்டும். இலவங்காய் உடைக்கிற பெண் அன்றைய கூலியை விட்டுவிட்டு, கடமலைக்குண்டு, கண்டமனூர் என்று பஸ்ஸில் க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கு வரவேண்டும். வலிக்காத கட்டிக்காக யார் வருவார்? (ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வில்லங்கமே அதுதான்!)

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. சுமார் 1.5 லட்சம் பெண்கள். அவர்களில் பாதிப் பேரைப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையாலேயே பரிசோதித்தார்கள். 2021-ல் வந்த முடிவின்படி, 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு. இளையவர்களிடம் அப்படிக் குறையவில்லை, அதையும் மறைக்கக்கூடாது.

மத்திய அரசின் 2016 வழிகாட்டுதல் சொல்வதும் இதே கைப்பரிசோதனையைத்தான்: 30 முதல் 65 வயதுவரை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை. முதலில் அது மலையடிக் கிராமங்களில் ஒரு பெண்கூட விடுபடாமல் நடக்கட்டும். அதில் சந்தேகம் வந்தவர்களுக்கு எக்ஸ்ரே, போக பஸ் செலவு, போன நாளுக்குக் கூலி. கோடி ரூபாய்க் கருவியைப் பற்றி அப்புறம் பேசலாம்.