வேலிக்கு முன்னால் ஒரு நோட்டு

காட்டோரத்தில் விவசாயம் செய்கிற நமக்கு வேலியைவிட முதலில் தேவை ஒரு நோட்டு. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. "யானை வந்து வாழையைச் சாய்ச்சுட்டுப் போகுது, நீ நோட்டு எழுதச் சொல்றியாப்பா?" என்று எங்கள் ஊரிலேயே கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். நானும் விவசாய வீட்டுப் பிள்ளை. இப்போது சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில் வனவிலங்கு ஆய்வுக்கான களப்பணியாளர். அந்த வேலை கற்றுக்கொடுத்ததை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

களப்பணி என்றால் புலியைத் தேடிப்போய்ப் படம் எடுப்பது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான நாள் புலியைக் கண்ணால் பார்க்கவே மாட்டோம். விடிகாலையில் 2 கிலோமீட்டர் நேர்கோட்டில் நடப்போம். மான், காட்டெருமை, யானை தென்பட்டால் எத்தனை, எவ்வளவு தூரத்தில் என்று குறிப்போம். கால்தடம், எச்சம், மரத்தில் நகக்கீறல் எல்லாம் நோட்டில் ஏறும். பாதையின் இருபுறமும் தானியங்கிக் கேமரா கட்டுவோம். புலியின் வரிகள் நம் கைரேகை மாதிரி. ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. எதையும் பார்க்காத நாளிலும் 'ஒன்றும் இல்லை' என்று எழுதியே ஆக வேண்டும். அதுவும் கணக்குதான். 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் புலிகள் கணக்கெடுப்பு இப்படி நடந்து நடந்து எழுதியதில் இருந்துதான் வருகிறது.

காட்டுக்குள் இவ்வளவு கணக்கு இருக்கிறது. காட்டைத் தாண்டி நம் வரப்பில் கால் வைத்தால் கணக்கே இல்லை. "போன வருசமும் வந்துச்சு, இந்த வருசமும் வந்துச்சு" என்பதோடு சரி. இழப்பீடு கேட்டுப் போனாலும் கூட்டத்தில் பேசினாலும் நம்மிடம் இருப்பது வாய்வார்த்தை மட்டும்தான். எழுதி வைத்தவர் கணக்குதான் சபையில் ஏறும்.

என்ன எழுதுவது? தேதி, நேரம், எந்தப் பக்கம் நுழைந்தது, எந்தப் பக்கம் வெளியேறியது, பயிர் என்ன பருவத்தில் இருந்தது, எதைத் தின்றது, எதைத் தொடாமல் விட்டது. தோண்டிப் புரட்டியிருந்தால் பன்றி. நுனியைக் கடித்திருந்தால் பெரும்பாலும் மான். யானையின் முன்னங்கால் தடத்தைச் சுற்றி ஒரு கயிறு வைத்து அளந்து பாருங்கள். அந்தச் சுற்றளவைப் போல இரண்டு மடங்குதான் ஏறக்குறைய அதன் தோள் உயரம். வந்தது ஒரே ஆனையா, வேறு வேறா என்று இந்தக் கயிறே ஓரளவு சொல்லிவிடும். லத்தியைக் குச்சியால் கிளறினால் தின்றது காட்டுப்புல்லா, நம் மக்காச்சோளமா என்றும் தெரியும்.

எழுதினால் யானை வராமல் போய்விடுமா? போகாதுங்க. ஆனால் இரண்டு போகம் எழுதினால், எந்த வழியாக வருகிறது, பயிர் எந்தப் பருவத்தில் இருக்கும்போது வருகிறது என்பது பிடிபடும். வருசம் முழுக்கப் பரணில் கண்விழிக்க வேண்டாம். தேவையான வாரங்களில் நாலு பேர் முறைவைத்துக் காவல் இருக்கலாம். யானை வரும் பக்கத்தில் கரும்பையும் வாழையையும் வைப்பதா, அது விரும்பித் தின்னாத மிளகாய், மஞ்சளை வைப்பதா என்று யோசித்து முடிவெடுக்கலாம். மிதித்துச் சேதமாவதை அதுவும் தடுக்காது; ஆனால் தின்ன வருவது குறையும்.

கணக்கு இல்லாத இடத்தில் பயமும் ஆத்திரமும்தான் முடிவெடுக்கின்றன. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 யானைகள் செத்தன. 2 குட்டிகள் தாயில்லாமல் நின்றன. கம்பியில் நேரடியாக மின்சாரம் விடுகிறவர் தன் வீட்டுப் பிள்ளைக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் சேர்த்தே குழி வெட்டுகிறார். மண்புழு சாகக்கூடாது என்று உரமூட்டையை ஒதுக்கிய நமக்கு இது ஒருபோதும் வழியாக முடியாது.

அதேசமயம் "காடு அதுகளோடது, பொறுத்துக்கோ" என்று நகரத்தில் இருந்துகொண்டு சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். ஒரே இரவில் ஒரு போகம் போனால் அந்தக் குடும்பம் வட்டிக்குத்தான் போகும். அந்த இழப்பு முழுசாகத் தெரிய வேண்டுமென்றால் நாம்தான் எழுத வேண்டும்.

நம் இயக்கத்தின் மாதக் கூட்டங்களில் விதைப் பரிமாற்றம் நடக்கிறது. அதோடு காட்டோர ஊர்கள் தங்கள் நோட்டையும் கொண்டு வரட்டும். பத்து ஊர் நோட்டைச் சேர்த்து வைத்தால் யானையின் வழித்தடம் நம் கையெழுத்திலேயே தெரியும். அதை வைத்துக்கொண்டு வனத்துறையிடம் பேசுவோம். ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு கயிறு. இந்தப் போகத்திலேயே ஆரம்பியுங்கள்.