புதிய பாட்டரி வாங்குமுன்

மோட்டார் சைக்கிளை நம்பி வேலைக்குச் செல்லும் குடும்பத் தலைவர்கள் நம்மிடையே பலர். வண்டி ஒரு நாள் கிளம்ப மறுத்தால், அன்றைய கூலி போயிற்று. இக்குறைக்கு மிகுதியும் காரணமாவது பாட்டரி. அதைத் தேர்ந்தெடுப்பது எப்படி, பொருத்துவது எப்படி என்பதை இம்மாதம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

என் தமக்கையின் மகன் நூற்பாலை ஒன்றில் இரவு முறை வேலை பார்க்கிறான். ஒரு மாலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டே என் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, பதினான்கு மாதத்தில் இரண்டு பாட்டரி போய்விட்டது. இம்முறை பெரியதாக ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்."

"அந்த இரண்டும் ஏன் போயின என்று பார்த்தாயா, தம்பி?"

அவன் பார்க்கவில்லை. அவனுக்கு விற்றவரும் பார்க்கவில்லை. நம்மில் பெரும்பாலோர் செய்யும் தவறு இதுவே. பாட்டரி தானாகவும் மூப்படையும். வண்டியின் வேறொரு குறையாலும் கெடும். அக்குறையை அப்படியே விட்டுவிட்டுப் புதியதைப் பொருத்தினால், அதுவும் பழையதன் வழியே போகும்.

இதைக் கண்டறிய விலை குறைந்த மல்டிமீட்டர் ஒன்று போதும். வண்டியைச் சில மணி நேரம் ஓட்டாமல் வைத்து, பாட்டரியின் இரு முனைகளிலும் அளந்து பார்க்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட் பாட்டரி 12.6 அல்லது அதற்குச் சற்று மேல் காட்டும். 12.4-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் செய்ய வேண்டும். முழுமையாகச் சார்ஜ் செய்த பின்னும் செல்ப் பொத்தானை அழுத்தியவுடன் 10 வோல்ட்டுக்கு மிகவும் கீழே சரிந்தால், அதன் ஆயுள் முடிந்தது எனலாம்.

அடுத்து, இயந்திரத்தை ஓடவிட்டுச் சற்று வேகம் கூட்டி அளக்க வேண்டும். ஏறக்குறைய 13.5 முதல் 14.8 வோல்ட் வரை இருப்பது முறை. ஓடும்போதும் 12-லேயே நின்றால் பாட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். 15-ஐத் தாண்டினால், மின்சாரத்தைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் பழுதாகிவிட்டது என்று பொருள். மருமகனின் வண்டியில் மீட்டர் 16-ஐத் தொட்டது. பாட்டரியைத் திறந்து பார்த்தோம். உள்ளிருந்த நீர் கொதித்து வற்றி, ஈயத் தகடுகள் வெளியே தெரிந்தன. இரண்டு பாட்டரிகளைத் தின்றது அந்தச் சிறு ரெகுலேட்டரே!

அதை மாற்றிய பின்னரே கடைக்குச் சென்றோம். அங்கே கவனிக்க வேண்டியவை நான்கு.

முதலாவது, வோல்ட். இன்றைய வண்டிகள் 12 வோல்ட் கொண்டவை. ஆனால், பழைய வண்டிகள் சிலவற்றில் 6 வோல்ட் உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் பொருத்தலாகாது.

இரண்டாவது, ஆம்பியர் மணி என்னும் கொள்ளளவு. சிறு வண்டிகளுக்கு 2.5 அல்லது 3, பெரிய வண்டிகளுக்கு 8, 9 அல்லது 14 என வேறுபடும். கையேட்டிலோ பழைய பாட்டரியின் மேலோ இதைக் காணலாம். பெரியது போட்டால் நெடுநாள் உழைக்கும் என எண்ணுவது பிழை. பெட்டியில் அடங்காத பாட்டரி சாய்ந்து நிற்கும், ஓட்டத்தில் அதிரும், மேல்மூடி முனைகளில் உரசினால் தீப்பொறியும் எழலாம்.

மூன்றாவது, முனைகளின் இடம். ஒரே அளவுள்ள பாட்டரிகளிலும் நேர் முனை சிலவற்றில் வலப்புறமும் சிலவற்றில் இடப்புறமும் இருக்கும். மாறி வாங்கினால் கம்பி எட்டாது. இழுத்து எட்டவைப்பதும் ஆபத்து.

நான்காவது, தயாரித்த மாதம். ஈயப் பாட்டரி அலமாரியில் சும்மா இருந்தாலும் சிறிது சிறிதாக மின்சாரத்தை இழக்கும். ஆகவே, அண்மையில் தயாரானதைக் கேட்டு வாங்குங்கள். உத்தரவாத அட்டையில் தேதியும் முத்திரையும் இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள்.

நீர் ஊற்றத் தேவையில்லாத, மூடி முத்திரையிட்ட வகை இப்போது மிகுதியாகக் கிடைக்கிறது. அதை ஒருபோதும் திறக்கலாகாது. அமிலம் ஊற்றிப் பயன்படுத்தும் வகையை வாங்கினால் அவசரம் கூடாது. அமிலம் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டு, பின்னர் முதல் சார்ஜை முழுமையாக ஏற்ற வேண்டும். "வண்டி ஓடினால் தானே ஏறிவிடும்" என்று சொல்லிப் பொருத்தி அனுப்பினால், அந்தப் பாட்டரி தன் முழு வலிமையை என்றுமே பெறாமற் போகலாம். சார்ஜ் செய்யும் மின்னோட்டம் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கே இருக்க வேண்டும். 9 ஆம்பியர் மணிக்கு 0.9 ஆம்பியர் என்பது கணக்கு. கார் பாட்டரிக்கு உரிய பெரிய சார்ஜரில் இணைத்தால் சிறு பாட்டரி கொதித்துவிடும். பின்னாளில் நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே சேர்க்க வேண்டும், அமிலத்தை அன்று.

பொருத்துவதற்கும் ஒரு வரிசை உண்டு. சாவியை எடுத்துவிட்டு, முதலில் எதிர் முனைக் கம்பியைக் கழற்றுங்கள். அதன்பின் நேர் முனை. மாட்டும்போது நேர் முனை முதலில், எதிர் முனை இறுதியில். வண்டியின் உடல் முழுவதும் எதிர் முனையோடு இணைந்திருக்கிறது. ஆகவே, எதிர் முனையைக் கழற்றாமல் நேர் முனையைத் தொடும் ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்டால் பெரும் பொறி பறக்கும். கம்பிகளை மாற்றி மாட்டினால் பியூஸும் ரெகுலேட்டரும் கருகிவிடலாம். முனைகளைத் துடைத்து இறுக்கி, மேலே சிறிது வாசலின் தடவினால் வெண்பொடி பூக்காது. அமில வகையில் ஆவி வெளியேறும் சிறு குழாயை மடங்காமல் கீழ்நோக்கி விடவேண்டும். அந்த ஆவி தீப்பற்றும் தன்மையுடையது. அருகில் பீடியோ விளக்கோ கூடாது.

பழைய வண்டியில் பாட்டரி ஓய்ந்தாலும் உதைத்தோ தள்ளியோ கிளப்பிவிடலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் தயாரான வண்டிகளுள் பெரும்பாலானவை பெட்ரோலை மின் பம்பினால் செலுத்துபவை. பாட்டரி முற்றிலும் ஓய்ந்தால் அவற்றைத் தள்ளியும் பயன் இராது. புதிய வண்டி வைத்திருப்போர் மாதம் ஒருமுறையேனும் அளந்து பார்ப்பது நலம்.

இனி, நான் சொல்ல வந்தவற்றுள் முக்கியமானது. அன்று வேலையை முடித்துவிட்டுத் திரும்பியபோது, மிஞ்சிய அமிலத்தைத் தமக்கை ஒரு குளிர்பானப் புட்டியில் ஊற்றிச் சமையலறைச் சன்னலில் வைத்திருந்தாள். "வீணாக்க வேண்டாமே என்று எடுத்து வைத்தேன், தம்பி" என்றாள். அவளுடைய நான்கு வயதுப் பேத்தி அந்தச் சன்னலுக்குக் கீழேதான் விளையாடிக்கொண்டிருந்தாள். என் உடல் ஒரு கணம் நடுங்கிற்று. கந்தக அமிலத்தை உணவுப் பாத்திரத்திலோ பானப் புட்டியிலோ வைக்கவே கூடாது. மிஞ்சியதைக் கடையிலேயே விட்டு வருவதுதான் முறை. தவறிக் கண்ணில் பட்டுவிட்டால், உடனே தூய நீரால் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவி, தாமதியாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

பழைய பாட்டரியையும் வீட்டில் போட்டு வைக்காதீர்கள். தெருவில் வரும் பழைய இரும்பு வியாபாரியிடம் எடைக்குப் போடாதீர்கள். முறையற்ற இடங்களில் அதை உடைத்து ஈயத்தை உருக்குகிறார்கள். அந்தப் புகையும் தூளும் அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் உடலில் சேர்ந்து, அவர்களுடைய மூளை வளர்ச்சியையே தாக்கும். பயன்படுத்திய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை, 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள்மேல் சுமத்தியுள்ளன. புதியதை வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள். அதன் மதிப்பை விலையில் கழித்துக்கொள்வதும் வழக்கமே.

மருமகனின் வண்டி இப்போது ஓராண்டைக் கடந்து, அதே அளவுப் பாட்டரியில் ஓடிக்கொண்டிருக்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை மீட்டரை எடுத்து அவனே அளந்துகொள்கிறான். தமக்கையின் சன்னலில் இப்போது துளசித் தொட்டி ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டுச் சன்னலையும் அலமாரியையும் இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.