ஓடியவர் திரும்பும் வண்டி

துன்பத்தை விட்டு ஓடுபவர் அதைச் சுமந்துகொண்டே ஓடுகிறார் என்பதைக் காட்டும் நாவல், யு. ஆர். அனந்தமூர்த்தியின் 'சம்ஸ்காரா' (1965). துர்வாசபுர அக்கிரகாரத்தில் ஆசாரம் மீறிய நாரணப்பா கொள்ளைநோயில் இறக்கிறான். ஈமக்கடனை யார் செய்வது என்பதற்குப் பண்டிதர் பிராணேசாச்சாரியாரிடமும் விடையில்லை. மாருதி கோயிலில் விடை கிடைக்காமல் திரும்பும் இரவில், இறந்தவனின் துணைவி சந்திரியுடன் அவர் கூடுகிறார். நோயாளி மனைவியும் இறந்துவிட, சிதைமூட்டிவிட்டு ஊரைத் துறந்து நடக்கிறார். வழியில் ஒட்டிக்கொண்ட புட்டன் விலகுவதில்லை. தேர்த்திருவிழாக் கூட்டத்திலும் அடையாளம் தெரிந்துவிடுமோ என்ற அச்சம் விடுவதில்லை. ஒளிந்து வாழ்வதே பெருந்துன்பம் என உணர்ந்து ஊர் திரும்ப வண்டியேறுகிறார். ஊரின் தீர்ப்பை நாவல் சொல்வதில்லை. திரும்பும் துணிவே அதற்குப் போதுமானதாக இருக்கிறது.